கொடியும் ஒரு மொழியே!



கொடி என்றதும் நம்மில் பலருக்குக் கட்சிக் கொடி ஞாபகம் வரும். சிலருக்குச் சுதந்திர தினத்தன்று சட்டையில் குத்திய கொடியும், அதற்கப்புறம் கிடைத்த ஆரஞ்சு மிட்டாயும் ஞாபகம் வரும். வீட்டில் அம்மாவுக்கோ துணி காயப் போடும் கொடிதான் கொடி! நான் சொல்லப் போவது இவை எதுவும் அல்ல. கார் ரேஸ், பைக் ரேஸ் நடக்கும் டிராக்கில் காட்டப்படும் சிக்னல் கொடிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

“ஏன்டா, உன் சைக்கிள்ல பிரேக் கட்டையே இல்ல. நீ ரேஸ் பத்தி எழுதப் போறியா?” என்று என் பெஞ்சு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டு கொடி தெரிந்த மனிதர்

எங்கள் வீடு வேளச்சேரியில். அப்பா ரோடு போடும் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டி மேலே படிக்க வந்தவன் நான்தான். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார், அதுவும் படம் வரைகிற மாதிரி நிதானமாகப் போடுவார். ஆனால் சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடிகள் அவருக்கு நன்றாகத் தெரியும். தார் போடுகிற இடத்தில் வண்டிகளை நிறுத்துவதும் விடுவதும் பல நாள் அவர் வேலை.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி, பள்ளம் அடைக்கிற வேலை நடந்தது. எந்த ரோடு, யார் எடுத்த கான்ட்ராக்ட் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அப்பா சிவப்புக் கொடியோடு நின்றார். அவருக்குப் பின்னால் எங்கள் பக்கத்து வீட்டு மாமா குனிந்து ஜல்லி பரப்பிக்கொண்டிருந்தார். வேகமாக வந்த ஒரு கார் கொடியைப் பார்த்து பிரேக் அடித்தது, ஆனால் நிற்கவில்லை. அப்பா தாவி விலகிவிட்டார். மாமாவுக்குக் கால் முறிந்தது. உயிர் பிழைத்தார் என்றாலும் அந்த வேலைக்குத் திரும்ப முடியவில்லை.

அன்றிலிருந்து அப்பா, “கொடி என் கையிலதானே இருந்துச்சு” என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். போலீசும் கேட்கவில்லை, மேஸ்திரியும் கேட்கவில்லை, மாமாவும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவராகவே சொல்லிக்கொண்டார்.

இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு பயணம்

ஆட்டோமொபைல் பிரிவில் சேர்ந்த பிறகு, வகுப்பு நண்பர்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஸ் பார்க்கக் கிளம்பினோம். வேளச்சேரியில் பஸ் ஏறி, கிண்டியில் மாறி, பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டை. அங்கேதான் நம் சென்னையின் ரேஸ் டிராக் இருக்கிறது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் சோழவரத்தில் இருந்த, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் ரேஸ் நடக்கும். ‘சோழவரம் ரேஸ்’ என்றால் பெரியவர்கள் இன்றைக்கும் கண்கள் விரியப் பேசுவார்கள். பிறகு கிளப்பே இருங்காட்டுக்கோட்டையில் தனியாக டிராக் கட்டி 1990-ல் திறந்தது. முழுச் சுற்றின் நீளம் 3.717 கி.மீ. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர்.

நாங்கள் போனது வண்டிகளைப் பார்க்க. நான் பார்த்ததோ கொடிகளை! வளைவுக்கு வளைவு ஒரு சின்ன மேடை, அதில் இரண்டு மூன்று பேர், கையில் சுருட்டிய கொடிகள். ஒரு வண்டி புழுதி கிளப்பி வெளியே போனதுமே, அதற்கு முந்தைய மேடையில் மஞ்சள் கொடி படபடவென்று ஆடியது. அடுத்து வந்த வண்டிகள் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் வேகம் குறைத்தன, ஒன்றையொன்று முந்தவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு துணிக்கு இவ்வளவு மரியாதையா!

மதியம் இடைவேளையில் கொடி காட்டுபவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இவர்களை ‘மார்ஷல்’ என்கிறார்கள். அந்த சார் வாரநாளில் ஆபீஸ் வேலை பார்ப்பவர். ரேஸ் நாளில் ஆர்வத்தால் வந்து வெயிலில் நிற்கிறார். “தம்பி, டிரைவருக்கு ஹெல்மெட் உள்ளே இன்ஜின் சத்தம் தவிர வேற எதுவும் கேக்காது. விசில் அடிச்சாலும் கேக்காது, கத்தினாலும் கேக்காது. கண்ணு மட்டும்தான் திறந்திருக்கு. அந்தக் கண்ணோட பேசறதுதான் எங்க வேலை” என்றார். இனி அந்த மொழியின் எழுத்துக்களைப் பார்ப்போம். எஃப்.ஐ.ஏ. என்னும் உலக மோட்டார் அமைப்பின் விதிகள் கார் ரேசுக்குச் சொல்வது இது. பைக் ரேசில் சில கொடிகளுக்குச் சிறு வித்தியாசங்கள் உண்டு.

கொடிகளின் அரிச்சுவடி

மஞ்சள்: இதுதான் தலையாய கொடி. ஒரு மஞ்சள் கொடி ஆடினால், முன்னால் டிராக்கின் ஓரத்திலோ டிராக்கின் ஒரு பகுதியிலோ ஆபத்து இருக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறை, முந்தாதே, திசை மாற்றத் தயாராக இரு. ஒரே மேடையில் இரண்டு மஞ்சள் கொடிகள் ஆடினால் விஷயம் பெரிது: டிராக் அடைபட்டிருக்கிறது, அல்லது மார்ஷல்கள் டிராக்கிலோ அதன் ஓரத்திலோ வேலை செய்கிறார்கள். வேகத்தை நன்றாகக் குறைத்து, தேவைப்பட்டால் நிற்கவே தயாராக இருக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், இரட்டை மஞ்சள் என்பது “அங்கே மனுஷன் இருக்கான்” என்பதுதான்.

பச்சை: ஆபத்து நடந்த இடத்தைத் தாண்டியதும் அடுத்த மேடையில் பச்சை ஆடும். தடை நீங்கிற்று, பழையபடி ஓட்டலாம். மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே முந்தினால் தண்டனை உறுதி.

சிவப்பு: ரேஸ், அல்லது பயிற்சி ஓட்டம், நிறுத்தப்பட்டது. உடனே வேகம் குறைத்து, யாரையும் முந்தாமல், பிட் என்னும் பணிமனைப் பாதைக்கு மெதுவாக வரவேண்டும். 2011 அக்டோபர் 28 அன்று, நொய்டா அருகே புத் சர்க்யூட்டில் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ரேசுக்கான பயிற்சி தொடங்கிய சில நிமிடங்களிலேயே சிவப்புக் கொடி காட்டினார்கள். காரணம் என்ன தெரியுமா? ஒரு தெருநாய் டிராக்கில் ஓடியது! கோடிக்கணக்கில் விலையுள்ள கார்கள் எல்லாம் ஒரு நாய்க்காக நின்றன. அதுதான் கொடியின் நியாயம்.

நீலம்: பின்னால் உன்னைவிட வேகமான வண்டி வருகிறது, அதற்கு வழிவிடு. பெரும்பாலும் ஒரு சுற்று பின்தங்கியவருக்குக் காட்டப்படும். நம் ஊரில் பின்னால் வருகிற பஸ் காது கிழிய ஹாரன் அடிக்கிறதே, அதற்குப் பதில் இது.

வெள்ளை: முன்னால் மெதுவாகப் போகும் வண்டி ஒன்று இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் நாஸ்கார் போன்ற ரேஸ்களில் வெள்ளைக் கொடி என்றால் கடைசிச் சுற்று! ஊருக்கு ஊர் வழக்கு மாறும் என்பதால்தான் ரேசுக்கு முன் டிரைவர்களைக் கூட்டி விதிகளைச் சொல்கிறார்கள்.

மஞ்சளில் சிவப்புக் கோடுகள்: எண்ணெயோ தண்ணீரோ கிடக்கிறது, டயருக்குப் பிடி கிடைக்காது, வழுக்கும். (மழைக்காலத்தில் எங்கள் வேளச்சேரி முழுவதற்குமே இந்தக் கொடியைக் காட்டலாம்!)

கறுப்பு: இதனோடு வண்டி எண் எழுதிய பலகையும் காட்டப்படும். அந்த எண்ணுக்குரியவர் பிட்டுக்கு வந்து ஆஜராக வேண்டும். ஹெட்மாஸ்டர் ரூமுக்குக் கூப்பிடுகிற மாதிரி.

கறுப்பும் வெள்ளையும் குறுக்காகப் பிரிந்த கொடி: அதுவும் எண்ணோடு வரும். “உன் நடத்தை சரியில்லை, இது எச்சரிக்கை” என்று அர்த்தம்.

கறுப்பில் ஆரஞ்சு வட்டம்: உன் வண்டியில் பழுது இருக்கிறது, அது உனக்கும் மற்றவருக்கும் ஆபத்து, பிட்டுக்கு வா. எண்ணெய் ஒழுகுவதோ பம்பர் தொங்குவதோ உள்ளே இருப்பவருக்குத் தெரியாது, வெளியே நிற்பவருக்குத் தெரியும். தோசைக்கல்லில் ஆப்பாயில் போட்ட மாதிரி இருப்பதால் எங்கள் கேங்கில் இதற்கு ‘ஆப்பாயில் கொடி’ என்று பெயர் வைத்துவிட்டோம்.

கட்டம் போட்ட கொடி: எல்லாருக்கும் தெரிந்தது. ரேஸ் முடிந்தது. இதிலும் தவறு நடந்ததுண்டு. 2018-ல் கனடாவில் 70 சுற்று ரேசில் இந்தக் கொடியை ஒரு சுற்று முன்பே காட்டிவிட்டார்கள். விதிப்படி 68-ம் சுற்றின் நிலவரமே முடிவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கொடி தவறாக ஆடினாலும் ஆடியது ஆடியதுதான்!

சாதாரணக் கொடிகள் குறைந்தது 60 x 80 செ.மீ. இருக்க வேண்டும். சிவப்பும் கட்டம் போட்டதும் 80 x 100 செ.மீ. இப்போது பல டிராக்குகளில் இதே நிறங்களில் ஒளிரும் லைட் பேனல்களும் வந்துவிட்டன. 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி, சென்னையின் நடுவே 3.5 கி.மீ. தெரு டிராக் அமைத்து ராத்திரி வெளிச்சத்தில் ரேஸ் நடத்தினார்களே, அந்த மாதிரி இடத்தில் லைட் நன்றாக உதவும்.

கொஞ்சம் கணக்கு போடுவோமா?

கொடியின் நிறத்தை மனப்பாடம் செய்வது சுலபம். அதை எங்கே நின்று காட்டுவது என்பதில்தான் இன்ஜினியரிங் இருக்கிறது. நாம் அப்ளைடு மெக்கானிக்ஸில் படித்ததையே எடுத்துக்கொள்வோம். உலர்ந்த ரோட்டில் டயரின் உராய்வுக் குணகம் 0.8, புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்தால், முழு பிரேக்கில் வேகம் ஒரு நொடிக்கு 8 மீ/நொடி வீதம் குறையும்.

மணிக்கு 72 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர். நிற்கத் தேவையான தூரம் 20 x 20 வகுத்தல் 16, அதாவது 25 மீட்டர். வேகத்தை இரண்டு மடங்காக்கி 144 கி.மீ. ஆக்கினால் நொடிக்கு 40 மீட்டர். நிற்கும் தூரம் 50 என்று நினைத்தால் தப்பு! 40 x 40 வகுத்தல் 16, அதாவது 100 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு.

இதோடு முடியவில்லை. கண் கொடியைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும் என்று வையுங்கள். அந்த ஒரு நொடியில் வண்டி பழைய வேகத்திலேயே ஓடும். ஆகவே 72-ல் 20 கூட்டல் 25, மொத்தம் 45 மீட்டர். 144-ல் 40 கூட்டல் 100, மொத்தம் 140 மீட்டர்.

அதனால்தான் ஆபத்து நடந்த இடத்தில் நின்று யாரும் கொடி காட்டுவதில்லை. அதற்கு முந்தைய மேடையிலேயே காட்டுகிறார்கள். மேடைகளுக்கு இடையே 500 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு மேடையிலிருந்து பார்த்தால் முன்னும் பின்னும் உள்ள மேடைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. மேடையில் நிற்கும் இருவரில் ஒருவர் வண்டிகள் வரும் திசையைப் பார்ப்பார். மற்றவர் அவை போகும் திசையைப் பார்ப்பார். ஒருவர் முதுகை இன்னொருவர் காக்கிறார்.

கொடி தவறிய இரண்டு நாட்கள்

1977 மார்ச் 5, தென்னாப்பிரிக்காவின் கியாலமி டிராக். ஒரு கார் ஓரமாக நின்று தீப்பிடித்தது. அதை அணைக்க 19 வயது மார்ஷல் ஒருவர் தீயணைப்பான் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு டிராக்கின் குறுக்கே ஓடினார். ரேஸ் நிற்கவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் அசுர வேகத்தில் வந்த டாம் பிரைஸ் என்ற ஓட்டுநருக்கு அவர் கண்ணில் படவே இல்லை. மார்ஷலும் இறந்தார், அந்தச் சிலிண்டர் தலையில் மோதி ஓட்டுநரும் இறந்தார். உதவி செய்ய ஓடியவருக்கு என்னைவிட ஒரு வயதுதான் அதிகம். நல்ல மனசு மட்டும் போதாது, முதலில் கொடியின் பாதுகாப்பு வேண்டும் என்று அன்று உலகம் பார்த்தது.

2014 அக்டோபர் 5, ஜப்பானின் சுசுகா. மழை. ஒரு கார் டிராக்கை விட்டு வெளியே போய்விட்டது. அதைத் தூக்க டிராக்டர் வந்தது. முறைப்படி இரட்டை மஞ்சள் ஆடியது. இருந்தும் ஜூல்ஸ் பியாங்கி என்ற 25 வயது ஓட்டுநர் அதே இடத்தில் கட்டுப்பாட்டை இழந்து டிராக்டரில் மோதினார். நினைவு திரும்பாமலேயே 2015 ஜூலை 17-ல் இறந்தார். அவர் வேகத்தைப் போதுமான அளவு குறைக்கவில்லை என்று எஃப்.ஐ.ஏ. விசாரணைக் குழு சொன்னது. ஆனால் பழியை அவர் மேல் போட்டதோடு விட்டுவிடவில்லை. ரேஸ் வெறியில் இருப்பவன் ‘எவ்வளவு குறைப்பது’ என்று தானே முடிவு செய்தால் கொஞ்சம்தான் குறைப்பான் என்று உணர்ந்து, 2015 முதல் ஃபார்முலா 1-ல் ‘வர்ச்சுவல் சேஃப்டி கார்’ என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அறிவித்ததும் எல்லா வண்டிகளும், சொல்லப்பட்ட அளவுக்கு வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

நம் இருங்காட்டுக்கோட்டையும் துயரம் அறியாத இடம் அல்ல. 2023-ல் மட்டும் ஜனவரியில் ஒரு மூத்த கார் ஓட்டுநரும், ஆகஸ்டில் 13 வயதே ஆன ஒரு பைக் ஓட்டுநரும் அங்கே ரேசில் உயிரிழந்தார்கள். இரண்டு முறையும் உடனே சிவப்புக் கொடி காட்டி ரேசை நிறுத்தினார்கள். கொடியால் எல்லாரையும் காப்பாற்ற முடியாது, உண்மைதான். அடுத்தவர் வந்து மோதாமல் தடுக்கவும், உதவி செய்ய ஓடுபவரைக் காக்கவும் அது வேண்டும்.

அறுபது அடி

இந்தக் கணக்கை நோட்டில் போட்டு முடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அப்பா சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகக் கேட்டேன்: “அன்னிக்கு மாமா வேலை செஞ்ச இடத்துலேர்ந்து நீ எவ்ளோ தூரத்துல நின்ன?”

அவர் யோசிக்கவே இல்லை. “பதினஞ்சு அடி வச்சு நின்னேன்” என்றார். காலால் எட்டு வைக்கும் அடி. அதாவது பத்து, பதினொரு மீட்டர்.

அந்த கார் என்ன வேகத்தில் வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. 72 என்று வைத்துக்கொண்டேன். ராத்திரியில் ஒளிராத சாயத் துணி, ஹெட்லைட்டில் 20 மீட்டர் நெருங்கினால்தான் தெரியும் என்று வைத்துக்கொண்டேன். ஆக மொத்தம் கிடைத்தது 31 மீட்டர். தேவைப்பட்டது 45. நோட்டைத் திறந்து கோடு போட்டுக் காட்டினேன். அப்பாவுக்கு எண்கள் படிக்கத் தெரியும், ரூபாய் எண்ணிப் பழகியவர்தானே.

“அந்த இடத்துல நீ இல்ல, வேற யாரு நின்னிருந்தாலும் அந்த வண்டி நின்னிருக்காதுப்பா. நீ நின்ன இடம் பத்தாது. எங்க நிக்கணும்னு உனக்கு யாருமே சொல்லல. ரேஸ்ல கொடி புடிக்கிறவங்களுக்குப் புத்தகமே இருக்கு. உனக்குக் கொடி மட்டும்தான் குடுத்தாங்க” என்றேன்.

அப்பா ரொம்ப நேரம் அந்த நோட்டையே பார்த்தார். “இன்னாடா இது, இதெல்லாமா காலேஜ்ல சொல்லிக் குடுக்கறாங்க?” என்றார். அப்புறம், “நாப்பத்தஞ்சு மீட்டர்னா எத்தினி அடி?” என்று கேட்டார். அறுபது என்றேன். “அறுபது” என்று தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்த வாரமே அவர் மாமா வீட்டுக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் “கொடி என் கையிலதானே இருந்துச்சு” என்ற பேச்சை அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

நண்பர்களே! நம்மில் ரேஸ் டிராக்கில் வண்டி ஓட்டப் போகிறவர்கள் ஒருவரோ இருவரோதான். ஆனால் நாளைக்கே பைக்கில் போகும்போது ரோட்டோரம் ஒருவர் கொடியோடு நிற்பார். அவரைப் பார்த்ததும் ‘சைடுல பூந்து போயிடலாம்’ என்று ஆக்சிலேட்டரைத் திருகாதீர்கள். அவருக்குப் பின்னால் யாரோ ஒருவர் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார். இரட்டை மஞ்சளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நாம் டிப்ளமோ முடித்து சூப்பர்வைசராகவோ சைட் இன்ஜினியராகவோ போவோம். அப்போது நம் கையால் ஒருவருக்குக் கொடியைக் கொடுத்து நிற்கச் சொல்ல வேண்டி வரும். கொடியோடு சேர்த்து, எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அவருக்குப் புரிகிற கணக்கில் சொல்லிக் கொடுப்போம். பகலா ராத்திரியா, மழையா வெயிலா, வண்டிகள் என்ன வேகத்தில் வரும் என்று பார்த்து அந்த இடத்தைத் தீர்மானிப்பது நம் பொறுப்பு. ராத்திரி என்றால் ஒளிரும் பட்டை போட்ட சட்டை கொடுப்போம். படித்தவன் என்று நம்மை வீட்டில் சொல்லிக்கொள்கிறார்களே, அதற்கு இதுதான் அர்த்தம் என்று நினைக்கிறேன்.

போன மாதம் அப்பா ராத்திரி வேலைக்குக் கிளம்பும்போது, “எத்தினி அடின்னு ஞாபகம் இருக்கா?” என்று சும்மா கேட்டேன்.

“அறுபது எண்ணுவேன். அப்புறம் உனக்காக ஒரு பத்து” என்று சொல்லிவிட்டு, கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போனார்.



— மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு